உறவும் ஒப்புமையும்: பாண்டு மொழியினர் மரபும் எமது ஆய்வு நோக்கும்

1974ஆம் ஆண்டு சனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. அதே ஆண்டில், செனகல் நாட்டின் குடியரசுத் தலைவரும் பிரெஞ்சு மொழிக் கவிஞருமான செங்கோர் சென்னைக்கு வந்து, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் உறவுபடுத்திச் சொற்பொழிவாற்றினார். அதனையொட்டிய ஆண்டுகளில் டாக்கார்ப் பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டு தென்னிந்திய அறிஞர் சிலர் இத்துறையில் உழைத்தனர். க. ப. அறவாணன் தமிழில் எழுதினார். கன்னட நாட்டு மொழியியலாளரான உபாத்தியாய தம்பதியர் திராவிட மொழிகளையும் நீகிரோ-ஆபிரிக்க மொழிகளையும் ஒப்பிட்டனர். அன்று எழுந்த ஆர்வம் இன்று தணிந்துவிட்டதெனினும் அதன் எதிரொலி முற்றாக மறைந்துவிடவில்லை. ஆபிரிக்கச் சொல்லொன்றைத் தமிழ்ச் சொல்லொன்றோடு இணைவைத்து, இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவுகட்டும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம்.

இவ்வார்வத்தை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. ஆரிய மேன்மைக் கோட்பாடும் வெள்ளை மேலாதிக்கமும் ஒருசேர இழித்துரைத்த மக்கட் கூட்டங்கள், தமக்குள் உறவு தேடிக்கொள்ள முற்பட்டமை வரலாற்று நியாயமுடையது. செங்கோரின் சொற்பொழிவிற் காணப்பட்ட உணர்ச்சி வேகத்தை அந்நியாயத்தின் அடியாகவே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஆயின் நியாயமான வேட்கை தவறான வழியிற் செல்லுதல் கூடும். அவ்வழி எவ்விடத்திலே பிழைத்தது என்பதை ஆராய்வதற்குப் பாண்டு மொழியினரின் வரலாறு வாய்ப்பான எடுத்துக்காட்டாக அமைகின்றது.

பாண்டு என்னும் பெயரை மொழிநூல் வழக்கிற் புகுத்தியவர் செருமானியரான பிளீக் என்பவர். தென்னாபிரிக்க மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற அவரது நூலின் முதற்பகுதி 1862இல் வெளிவந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1856இல், கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்திருந்தது. ஏறத்தாழ ஒரே காலத்திலே, ஒரே வகையான ஆய்வுமுறையினால், இரு பெரும் மொழிக்குடும்பங்கள் பெயர் பெற்றன. பாண்டு என்ற சொல்லின் பொருள் 'மக்கள்' என்பதே. 'ன்ட்டு' என்பது மனிதரைக் குறிக்கும் அடி. 'பா' என்பது பன்மை முன்னொட்டு. சூலு மொழியில் மனிதர் ஒருவர் 'உமுன்ட்டு', பலர் 'அபன்ட்டு'. கொங்கோ மொழியில் 'முன்ட்டு', 'பன்ட்டு'. சோனா மொழியில் 'முன்ஹு', 'வன்ஹு'. சுவாகிலியில் 'ம்ட்டு', 'வாட்டு'. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலுள்ள மொழிகளிற் காணப்படும் இம்மாற்றங்கள் தற்செயலானவையல்ல. ஒரு மொழியின் ஒலி மற்றொன்றில் எவ்வாறு மாறுமென்பதை விதியாக வரையறுத்துக் கூறலாம். தமிழ்ப் பால் கன்னடத்திலே ஹாலு என்றும், பல் ஹல்லு என்றும், பாம்பு ஹாவு என்றும் வருதலை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும். மொழியுறவு என்பது ஒலிகளின் ஒழுங்கான இயைபிலே தங்கியுள்ளதேயன்றி, இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதில் தங்கியிருப்பதன்று. பாண்டு என்ற ஒலியைக் கேட்டவுடன் பாண்டியரையும் பாண்டவரின் தந்தையையும் நினைவுகூர்பவர் நம்மிடையே தோன்றினால் வியப்பதற்கில்லை!

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து டாக்கார் ஆய்வுகளின் அடிப்படைக் குறை தெளிவாகின்றது. அவை பெரிதும் செனகலில் வழங்கும் ஒலோவ், செரெர் முதலான மொழிகளையே முன்னிறுத்தின. இவையும் பாண்டு மொழிகளும் நைகர்-கொங்கோ என்னும் மாபெருங் குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், நெடுங்காலத்துக்கு முன்னரே பிரிந்த வெவ்வேறு கிளைகள். அக்கண்டத்தின் பலநூறு மொழிகளையும், அவற்றிடையேயுள்ள நெருக்கத்தையும் தூரத்தையும் ஒருபுறம் ஒதுக்கி, 'ஆபிரிக்கம்' என்று ஒரே பொட்டணமாகக் கட்டி அதற்கெதிரே 'திராவிடம்' என்ற மற்றொரு பொட்டணத்தை வைத்தபோது, ஒப்பிடப்பட்டவை உண்மையில் மொழிகளல்ல, தோலின் நிறங்களே. மொழிக்குடும்பத்தை இனமாகவும் இனத்தை நிறமாகவும் கொள்ளும் இத்தடுமாற்றம் குடியேற்றவாதிகளுடையது. அதனை எதிர்த்துப் புறப்பட்டவர்களும் அதே சட்டகத்தினுள் நின்று வாதாடினர் என்பதே இதிலுள்ள அவலம்.

பாண்டு என்னும் பெயருக்கு நேர்ந்த கதியே இதற்குச் சான்று. 'மக்கள்' என்று பொருள்தரும் அச்சொல்லைத் தென்னாபிரிக்க நிறவெறி அரசு கறுப்பரைக் குறிக்கும் ஆட்சிச் சொல்லாக்கியது. 1953இல் இயற்றப்பட்ட பாண்டுக் கல்விச் சட்டம், கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்குப் போதுமான கல்வியே போதுமென்ற கொள்கையின் வடிவமாகும். 1976 யூன் 16இல் சொவெற்றோ மாணவர்கள் ஆபிரிக்கான்சு மொழித் திணிப்புக்கெதிராகத் தெருவில் இறங்கிக் குண்டடிபட்டமை அக்கல்வி முறையின் விளைவேயாம். இன்று அந்நாட்டில் மொழிநூலார் தவிர்ந்த பிறர் அச்சொல்லை விரும்பிக் கையாள்வதில்லை. நாமும் இக்கட்டுரையில் 'பாண்டு இனம்' என்னாது பாண்டு மொழியினர் என்றே எழுதுகிறோம். திராவிடம் என்ற மொழிநூற் பெயர் இனப்பெயராகி அரசியலிற் பெற்ற வாழ்வும் தாழ்வும் நம் வாசகர் அறிந்தவை.

அவ்வாறாயின் பாண்டு மொழியினர்க்குப் பொதுமரபென்று ஒன்றுமில்லையா? உண்டு. இன்றைய நைசீரியா, கமரூன் எல்லைப் பகுதியிலிருந்து நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்காகவும் தெற்காகவும் இம்மொழிகள் பரவத் தொடங்கின என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. இன்று ஏறத்தாழ ஐந்நூறு மொழிகள். அவற்றின் இலக்கண அமைப்பிலே பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மனிதரைக் குறிக்கும் வகுப்பு முதலாவதாக எண்ணப்படும். ஒரு பெயரின் முன்னொட்டு, அதனோடு இயையும் எண்ணுப்பெயரிலும் வினையிலும் எதிரொலிக்கும். இருவர் வந்தனர் என்பதைச் சுவாகிலியில் 'வாட்டு வாவிலி வாமெஃபிக்கா' என்பர். இரண்டு பொருள்கள் வந்தன என்பதை 'விட்டு விவிலி விமெஃபிக்கா' என்பர். தொல்காப்பியக் கிளவியாக்கம் உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டுடன் தொடங்குவதை அறிந்த தமிழ் மாணவனுக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் இதனை உறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறாகும். மனிதரை ஏனையவற்றினின்று பிரித்து எண்ணுதல் பல மொழிகளிற் காணப்படுவது. தமிழிலே திணை வினைமுற்றின் ஈற்றிலே புலப்படும். பாண்டு மொழிகளிலே வகுப்பு சொல்லின் முதலிலே புலப்படும்.

இலக்கணத்தைக் காட்டிலும் இம்மக்களின் பொதுமரபை உணர்த்தவல்லது ஒரு சொல். அது 'ங்கோமா'. முரசு, பறை முதலான தோற்கருவியைக் குறிக்கும் இச்சொல் கொங்கோ ஆற்றுப் படுகை முதல் இந்துமாக்கடற் கரைவரை, சிற்சில ஒலி வேறுபாடுகளோடு வழங்குகின்றது. ஆயின் எவ்விடத்தும் அது வெறும் கருவியைக் குறிப்பதோடு அமைந்துவிடுவதில்லை. சுவாகிலியில் ங்கோமா என்பது மேளத்தையும், அதற்கு ஆடப்படும் ஆட்டத்தையும், ஆட்டம் நிகழும் விழாவையும் குறிக்கும். சூலு மொழியில் 'இங்கோமா' பாட்டு. உகண்டாவின் கண்டா மொழியிலும் உருவாண்டா மொழியிலும் அச்சொல் முரசையும் அரசையும் ஒருங்கே குறிக்கின்றது. முரசு கைமாறுதல் அரசு கைமாறுதலாகும். ஒரு சொல்லுக்குள் கருவி, கலை, கூட்டம், ஆட்சி என்பன அடங்கிக் கிடத்தல் ஒரு சமுதாய வரலாற்றின் சுருக்கம் எனலாம்.

இவ்விடத்தில் எமது மரபு நினைவுக்கு வருதல் இயல்பே. முரசு கட்டிலிற் கண்ணயர்ந்த மோசிகீரனாரைக் கொல்லாது விடுத்துக் கவரி வீசிய சேர மன்னனைப் புறநானூறு வழியாக யாவரும் அறிவர். முரசு வேந்தனின் சின்னமாகையால் அதன் கட்டிலில் ஏறுதல் கொலைக்குரிய குற்றமாயிற்று. உருவாண்டா அரசரின் கலிங்கா என்னும் முரசும் அத்தகைய புனிதமுடையதாகவே இருந்தது. ('கலிங்கா'வைக் கலிங்க நாட்டோடு இணைக்க வேண்டாமென வாசகரை வேண்டிக்கொள்கிறோம்.) இது மரபுவழி வந்த உறவா? அன்று. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலிலே, சங்கச் செய்யுள்களைக் கிரேக்க, அயர்லாந்து மரபுகளோடு ஒப்பிட்டார். தமிழரும் கிரேக்கரும் ஒரு குலத்தவர் என்று நிறுவுவதற்காக அவர் அவ்வாறு செய்யவில்லை. ஒத்த சமுதாய நிலையிலே ஒத்த கலைவடிவங்கள் தோன்றுதல் கூடும் என்பதே அவ்வாய்வு முறையின் உயிர்நிலை. பாண்டு மொழியினரின் முரசையும் வேந்தரின் முரசையும் ஒப்பிடுவதற்குரிய வழி இதுவே. டாக்கார் ஆய்வாளர் இவ்வழியைக் கைக்கொண்டிருப்பின் அவர்தம் உழைப்பு மேலும் பயன்பட்டிருக்கும்.

ஒப்பீடு வேறுபாட்டையும் வெளிப்படுத்தல் வேண்டும். பறை என்ற சொல்லும் ங்கோமாவைப் போன்று கருவியைக் கடந்து விரிந்ததொன்று. பறைதல் என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சைப் 'பறைச்சல்' என்கிறோம். ஆயின் எமது சமூகத்திலே வேந்தனின் முரசு உயர்ந்து நிற்க, இழவு வீட்டுப் பறை அதனை அடிப்பவரைத் தீண்டாதாராக்கும் கருவியாயிற்று. அப்பறையை இனித் தொடமாட்டோமென மறுத்தெழுந்த ஒடுக்கப்பட்ட மக்களின் குரல் யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றிலே பதிந்துள்ளது. ஆய்வாளர் பறையைத் தொன்மைக் கலையென்று போற்றும்போது அடித்தவர்கள் அதனை ஏன் வீசியெறிய விரும்பினர் என்பதையும் சேர்த்தே எழுதுதல் கடன்.

இதுவரை ஒத்த சமுதாய நிலையினால் விளையும் ஒப்புமையை நோக்கினோம். வரலாறு நேரடியாகவே கொண்டுவந்து சேர்த்த மற்றோர் உறவும் உண்டு. அது எமது கண்முன்னேயே இருக்கின்றது. எனினும் ஆபிரிக்காவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அப்பாலே தேடிய தமிழ் ஆய்வு அதனைப் பொருட்படுத்தவில்லை. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடிக் கிராமத்தில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கேயர் தம் படைகளிலே ஆபிரிக்கரைக் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்திற் கொழும்பில் ஆபிரிக்க அடிமைகள் அடைக்கப்பட்டிருந்த இடமே பின்னர் ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பெயர் பெற்ற கொம்பனித்தெருப் பகுதி. ஆங்கிலேயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆபிரிக்கரைப் பெற்றுத் தம் இலங்கைப் படைப்பிரிவிலே சேர்த்தனர். அந்நூற்றாண்டின் இரண்டாம் பாதியிற் படை கலைக்கப்பட்டபோது புத்தளத்திலிருந்தோர் அங்கேயே தங்கினர். மொசாம்பிக்கில் வழங்கும் ஆபிரிக்க மொழிகள் யாவும் பாண்டு மொழிகளே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அம்மொழிகள் இங்கு நிலைக்கவில்லை. பல்வேறு மொழி பேசிய அடிமைகள் தமக்குள்ளும் எசமானரோடும் பேசுதற்குப் போர்த்துக்கேயக் கலப்பு மொழியைக் கைக்கொண்டனர். இன்று அதுவும் அருகி, அன்றாடப் பேச்சு சிங்களமாகிவிட்டது. கலப்பு மொழி உயிர்வாழ்வது 'மஞ்சா' எனப்படும் பாடல்களிலேயே. சிறு சிறு வரிகள் திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி வேகங்கொண்டு ஆட்டத்தில் முடியும். றபானும் டோலக்கும் மட்டுமன்றி, தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தலும் பக்கவாத்தியங்களாகும். இப்பாடல்கள்பற்றி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய ஆங்கிலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மட்டக்களப்புப் பறங்கியரிடையே வழங்கும் கஃப்ரிஞ்ஞா என்னும் இசையாடலும், அதன் வழியாகத் தமிழ் மேடைக்கும் வந்துவிட்ட பைலாவும் இவ்வரலாற்றின் கிளைகளே. கலியாண வீட்டிற் பைலாவுக்கு ஆடும் யாழ்ப்பாணத்தார் எத்தனைபேர் அதன் பின்னணியிலுள்ள அடிமைக் கப்பலை நினைத்திருப்பர்?

குசராத்துச் சீதிகளோடு ஒப்பிடுகையில் மஞ்சாவின் இயல்பு மேலும் துலங்கும். சீதிகள் யாவரும் பாண்டு மொழியினரின் வழித்தோன்றல்கள் அல்லர். அகமதுநகர் அரசை ஆட்டிவைத்த மாலிக் அம்பர் எத்தியோப்பியர். எனினும் குசராத்திலே பரூச் மாவட்டத்து இரத்தன்பூரில் உள்ள பாவா கோர் தர்காவைச் சார்ந்த சீதிகளின் ஆட்டத்துக்கு இன்றும் 'கோமா' என்றே பெயர். அது ங்கோமாவின் திரிபு. ஒற்றை நரம்பு வில்லிலே சுரைக் குடுக்கையைப் பிணைத்து மீட்டும் 'மலுங்கா'வும் ஆபிரிக்காவிலிருந்து வந்ததே. பேச்சு மொழி குசராத்தியாகிய பின்னரும் சொல் நின்றுவிட்டது. ஏன் அங்கு நின்றது, புத்தளத்தில் நிற்கவில்லை? எமது கருத்து இதுவாகும்: குசராத்திலே ஆட்டம் வழிபாட்டின் உறுப்பாயிற்று, தர்காவின் பணியாளராகச் சீதிகள் பெற்ற இடம் அவர்தம் சொல்லையும் கருவியையும் காத்தது. புத்தளத்தவர் கத்தோலிக்கராயினர். கோயில் வழிபாட்டிலே அவர்களது மேளத்துக்கு இடமில்லை. அது வீட்டு விழாவோடு நின்றது. ஆகவே தாளம் தங்கியது, பெயர் தங்கவில்லை. வட கன்னடத்துச் சீதிகள் இந்துக்களாகவும் முசுலிம்களாகவும் கிறித்தவர்களாகவும் பிரிந்து கொங்கணியும் கன்னடமும் பேசி வாழ்கின்றனர். 2003இல் அவர்கள் பழங்குடியினராக அங்கீகரிக்கப்பட்டனர். மரபு குருதியில் ஓடுவதன்று. அதனைத் தாங்கும் சமூக நிறுவனம் எதுவோ அதைப் பொறுத்தே வாழ்வதும் மாய்வதும்.

தமிழர் இம்மக்களுக்குத் தந்தது ஒரு சொல். அரபியிலே இறைமறுப்பாளனைக் குறிக்கும் 'காஃபிர்' போர்த்துக்கேயர் வாயில் 'காஃப்ரே' ஆகி, எம்மிடம் காப்பிரி என வந்தது. புத்தளத்து மக்கள் தம்மைக் குறிக்க அப்பெயரை இயல்பாகவே கையாண்டு வந்துள்ளனர். அது அவர்தம் உரிமை. ஆயின் யாழ்ப்பாணப் பேச்சில் அது 'காப்பிலி' ஆகி, சுருண்ட முடியையும் கறுத்த மேனியையும் பழிக்கும் வசையாயிற்று. 1983க்குப் பின்னர் ஏதிலிகளாக ஐரோப்பா சென்ற நம்மவரோடு அச்சொல்லும் கப்பலேறியது. பாரிசில் எமது கடைத்தெருவாகிய லா சப்பலுக்கும் ஆபிரிக்கரின் சந்தையாகிய சத்தோ ரூச்சுக்கும் இடையே நடைதூரமே. லிங்காலாவும் கிக்கொங்கோவும் பேசும் கொங்கோ நாட்டுத் தொழிலாளியும் எம்மவரும் ஒரே உணவுச்சாலையின் பின்கட்டிலே கோப்பை கழுவுகின்றனர். அவரை எம்மவர் குறிப்பிடும் சொல் அதுவே. ஆபிரிக்கரும் நாமும் ஆதியில் ஒருகுலம் என்று மாநாட்டிற் கட்டுரை படிப்பதும், அடுத்து நின்று உழைப்பவரைக் காப்பிலி என்பதும் ஒரே சமூகத்தில் ஒருசேர நிகழ்வனவே. கட்டுரையினாற் சொல் மாறவில்லை.

இதற்கான வேர் எமது மண்ணிலேயே உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இற் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே அடிமைகள்பற்றிய பகுதி ஒன்று இருக்கின்றது. கோவியரும் நளவரும் பள்ளரும் அங்கே உடைமைகளாகப் பேசப்படுகின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல். கடல்கடந்து கொணரப்பட்ட ஆபிரிக்க அடிமையும் வயலிலே பிறந்த எமது அடிமையும் ஒரே ஒல்லாந்த ஆட்சியின் கீழ், ஒரே தீவிலே வாழ்ந்தனர். வேளாள எசமானின் பார்வையில் இருவருக்கும் வேறுபாடு பெரிதன்று. எமது தமிழாராய்ச்சி தன்னை எந்த மூதாதையோடு இனங்காண விரும்பியது என்ற வினா இங்கு எழுகின்றது. அது முரசுடை வேந்தரையே தேடியது, அடிமையைத் தேடவில்லை.

ஒத்த நிலையினர் ஒருவரையொருவர் அறியாமலே ஒத்த வழியில் நடந்ததற்கு இலக்கியத்திலிருந்தும் சான்று தரலாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் கூத்துப் பாணியில் ஊரூராக ஆடினர். கென்யாவிலே, பாண்டு மொழிகளுளொன்றாகிய கிக்கூயுவில் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரியும் எழுதிய நாடகத்தை 1977இல் கமிரீத்துக் கிராமத்து உழவரும் தொழிலாளரும் தம் பாட்டுகளையும் ஆட்டங்களையும் சேர்த்து மேடையேற்றினர். சில கிழமைகளில் அது தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடிவில் கூகி விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். சிறையில் மலக்கூடத் தாளிலே அவர் எழுதிய கிக்கூயு நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரிலே தமிழிலும் வந்துள்ளது. 2025இல் அவர் மறைந்தபோது எமது ஏடுகள் அவரை நினைவுகூர்ந்தன. ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியில் எழுதத் துணிந்தவராக மட்டும் அவரை நாம் போற்றுவதுண்டு. அது எமக்கு வசதியானது. தாய்மொழிக்குள்ளே யாருடைய குரல் ஒலிக்கவேண்டுமென்று அவர் கேட்ட வினாவை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

சிரம்பியடி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பகற் பயணம். அங்கு இளையோர் மஞ்சாவைச் செவிவழியாகப் பாடக் கற்றுள்ளனர். பாடலின் மொழியைப் பேசுவோர் முதியோருள்ளும் அருகிவருகின்றனர். தமிழ்நாட்டாரியலில் ஒப்பாரியையும் தாலாட்டையும் ஊரூராகச் சென்று தொகுத்த அனுபவம் எமது பல்கலைக்கழக மாணவர்க்கு உண்டு. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. சிரட்டைத் தாளத்தின் அமைப்பையும், பாடலிற் கலந்துள்ள சொற்களையும், முதியோர் தம் முன்னோர்பற்றிக் கூறுவனவற்றையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்து, மொசாம்பிக்கின் மாக்குவா முதலிய மொழிகளோடு ஒலியியைபு விதிப்படி ஒப்பிடும் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.